ஆனைமலைத் தோப்பில் கிடந்த ராலே லென்டன்: அடையாளம் கண்டதும் ஓட வைத்ததும்

பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலைப் பக்கம், ஒரு தென்னந்தோப்புச் சாளையின் (தோட்ட வீட்டின்) அட்டாலியில் (பரணில்) கிடந்த சைக்கிள் இது. “எங்க அப்பாரு ஓட்டுனதுங்க, அசல் ராலே” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பார்வைக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. ஃபிரேம் முழுக்கக் கதவுக்கு அடிக்கும் கறுப்பு எனாமல், அதுவும் பிரஷ்ஷால் அடித்தது. பின்னால் பால் கேன் கட்டக் கனமான கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்டு, முன் ஃபோர்க்குக்கு முட்டுக் கம்பி, நேர் ஹேண்டில்பார், ரெக்ஸின் சீட். ஹெட் டியூப்பில் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன் குழாயில்) ராலே என்ற பிரிட்டிஷ் சைக்கிள் நிறுவனத்தின் நாரைத் தலைத் தகடு இருந்தது. ஆனால் அது இரண்டு பாப் ரிவெட்டால் அடிக்கப்பட்டிருந்தது.

வண்டியோடு ஒரு சாக்கும் வந்தது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்காமல் திரும்பக் கூடாது: “கழட்டுன பழைய சாமான் ஏதாச்சும் இருக்குதுங்களா?” கொங்கு நாட்டுத் தோட்ட வீடுகளில் இரும்பைத் தூக்கிப் போடும் வழக்கம் குறைவு. இந்தச் சாக்கில் வளைந்த ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும், ஒயர் பிரேக்கின் இரண்டு காலிப்பர்களும் (ரிம்மைக் கவ்வும் இடுக்கிகள்), மூன்று கியர் ட்ரிகரும் (கியர் மாற்றும் விசை), காய்ந்து பலகையாகிப் போன தோல் சீட்டும் இருந்தன. அவை இல்லாமல் இந்த மீட்டெடுப்பு பாதிதான் நடந்திருக்கும்.

தகட்டை ஒதுக்கிவிட்டு அளவெடுத்தல்

நம் ஊரில் பெயர்த்தகடு சான்று ஆகாது. தகடும் ஸ்டிக்கரும் தனியாகவே விற்றன. ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கும் மாறின. அதோடு ராலே என்ற பெயரே இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று இங்கிலாந்தின் நாட்டிங்காம். மற்றது மேற்கு வங்கத்தின் ஆசன்சோல். 1950களில் அங்கே சென்-ராலே வண்டிகள் தயாராயின. 1949இல் முருகப்பா குழுமம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் வண்டிகளைச் செய்தது. இந்தத் தொழிற்சாலைகள் எழுவதற்கு முன் ஊரில் ஓடிய நல்ல சைக்கிள்களில் பெரும்பகுதி கப்பலில் வந்த பிரிட்டிஷ் வண்டிகள்தான். கோவை மில்களிலும் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களிலும் வேலை பார்த்த வெள்ளைக்காரப் பொறியாளர்கள் கொண்டுவந்த சில கிளப் வகை வண்டிகளும் (சைக்கிள் கிளப்காரர்கள் ஓட்டிய வேக வண்டிகள்) அவற்றோடு சேரும். ஆகவே கேள்வி “ராலேயா இல்லையா” என்பதோடு முடிவதில்லை. சாதாரண ரோட்ஸ்டரா (அன்றாட ஓட்டத்துக்கான கனமான வண்டி), மெல்லிய குழாயில் செய்த வேக வண்டியா என்பதுதான் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

முதலில் கோணம். ரோட்ஸ்டரின் ஹெட் டியூப்பும் சீட் டியூப்பும் 67, 68 டிகிரியில் சாய்ந்திருக்கும். உட்கார்ந்தால் நாற்காலி மாதிரி. கிளப் வண்டி 71 முதல் 73 டிகிரி வரை நிமிர்ந்து நிற்கும். போனிலுள்ள கோணமானியைக் குழாய் மேல் வைத்தாலே போதும், தரை மட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வண்டி 72ஐ ஒட்டி நின்றது. ராடு பிரேக்குக்கான (ஒயருக்குப் பதில் இரும்புத் தண்டு இழுக்கும் பிரேக்) பிராக்கெட் ஒட்டிய தடயம் ஃபிரேமில் எங்கும் இல்லை. ஃபோர்க் கிரவுனிலும் பின் பாலத்திலும் காலிப்பர் போல்ட்டுக்கான துளை மட்டும் இருந்தது.

அடுத்தது சீட் டியூப்பின் வாய். பிரிட்டிஷ் வண்டிகளில் சீட் டியூப்பின் வெளிவிட்டம் பெரும்பாலும் 28.6 மி.மீ. சீட் பில்லர் (சீட்டைத் தாங்கும் தண்டு) 25.4 மி.மீ. என்றால் சுவர்த் தடிமன் 1.6 மி.மீ.; அது சாதாரணக் குழாய். பில்லர் 26.8 முதல் 27.2 வரை இருந்தால் சுவர் 0.7 முதல் 0.9 மி.மீ.தான், அங்கே நல்ல உலோகக் கலவைக் குழாய் இருக்க வாய்ப்பு அதிகம். வெர்னியரை வாய் ஓரத்தில் வைக்காமல் 20 மி.மீ. உள்ளே இறக்கி, குறுக்கும் நெடுக்கும் இரண்டு அளவு எடுக்க வேண்டும். கிளாம்ப் போல்ட்டை ஓயாமல் இறுக்கியதில் வாய் நீள்வட்டமாகியிருக்கும். இங்கே 25.4 பில்லரைச் சுற்றித் தகரம் சுருட்டிச் செருகி வைத்திருந்தார்கள். தகரத்தை எடுத்ததும் உள்விட்டம் 27 மி.மீ. காட்டியது. வண்டியை யாரும் அலட்சியமாகக் கையாளக் கூடாது என்று முடிவான இடம் இதுதான்.

மூன்றாவது, மரை. நாட்டிங்காம் ராலே தன் வண்டிகளின் பாட்டம் பிராக்கெட்டுக்கும் (பெடல் அச்சு சுற்றும் இடம்) ஹெட்செட்டுக்கும் (ஹேண்டில்பார் திரும்பும் இடம்) அங்குலத்துக்கு 26 மரை வைத்தது. மற்ற பிரிட்டிஷ் தயாரிப்பாளர்களும் பி.எஸ்.ஏ. அளவும் 24. இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. கப்பில் (பந்துகள் ஓடும் மரையிட்ட கிண்ணத்தில்) 10 மரை அளந்தால் 26க்கு 9.77 மி.மீ., 24க்கு 10.58 மி.மீ. வரும். மெட்ரிக் மரை கேஜ் மட்டும் வைத்திருக்கும் லேத் பட்டறையில் 26 மரையை “1 மி.மீ. பிட்ச்” என்று சொல்லிவிடுவார்கள், விட்டமும் 35 மி.மீ.க்கு மிக அருகில் இருப்பதால் பிரெஞ்சு அளவு என்று தோன்றும். பிரெஞ்சு வண்டியில் வலது கப்பு சாதாரண மரை, ராலேயில் வலது கப்பு இடது மரை. அதைப் பார்த்தால் சந்தேகம் தீரும். 26 மரையும் இடது மரையும் சேர்ந்து வந்ததால் இது ராலே குடும்பத்து ஃபிரேம் என்பது தகட்டின் தயவு இல்லாமலேயே உறுதியானது.

ஹப்பில் இருந்த தேதி

கியர் உள்ளே அடங்கிய பின் ஹப்பின் ஓட்டில் (வெளிக் கூட்டில்) மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்ததும் கியர் ஹப் செய்த ஸ்டர்மி-ஆர்ச்சரின் பெயரும், ஏ.எம். என்ற ஹப் வகையின் எழுத்தும், 51, அதை அடுத்து மாத எண்ணும் தெரிந்தன. போருக்குப் பின் வந்த ஸ்டர்மி ஹப்புகளில் ஆண்டையும் மாதத்தையும் இப்படி அடித்தார்கள். ஃபிரேமில் சீட் லக் (குழாய்களைச் சேர்க்கும் மூட்டு) பக்கம் உள்ள எண்ணை வைத்து ராலேயின் வயதைச் சொல்வதைவிட இது நம்பகமான வழி. ஆனாலும் ஹப்பின் தேதி ஹப்புக்கு மட்டும்தான். சக்கரம் மாறியிருந்தால் தேதியும் மாறிவிடும். அதனால் மற்ற அளவுகளோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்த பிறகே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஓட்டில் ஏ.எம். என்று இருந்தால் உள்ளே இருப்பதும் ஏ.எம். என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊர் ஊராகக் கிடைத்த ஏ.டபிள்யூ. என்ற சாதாரண மூன்று கியர் ஹப்பின் உள்பாகத்தைத்தான் எல்லாரும் மாற்றிப் போட்டார்கள். பிரிக்காமலே சோதிக்க வழி உண்டு. கியர் ஒயரைக் கழற்றிவிட்டால் இந்த ஹப்புகள் மேல் கியரில் நிற்கும். பல்சக்கரத்திலும் ரிம்மிலும் சாக்பீஸால் ஒவ்வொரு கோடு போட்டு, பல்சக்கரத்தைச் சரியாக 4 சுற்று சுற்ற வேண்டும். ஏ.டபிள்யூ. மேல் கியரில் 33.3% கூட்டும், சக்கரம் 5⅓ சுற்று சுற்றும். ஏ.எம். கூட்டுவது 15.55%தான், சக்கரம் 4½ சுற்றைத் தாண்டிக் கொஞ்சம் போய் நிற்கும். இந்த வண்டியில் கோடு 4½ஐக் கடந்து நின்றது. உள்ளும் புறமும் ஒன்றே.

ஏ.எம். ஏன் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். ரோட்ஸ்டருக்கு ஏ.டபிள்யூ. போதும். ஏ.எம். மூன்று கியர்களும் நெருக்கமாக அமைந்த ஹப். கிளப் வண்டிகளுக்காகச் செய்தது. இந்த வண்டியில் முன்னால் 46 பல், பின்னால் 18. கியர் அங்குலக் கணக்கில் (சக்கரத்தின் 26 அங்குலத்தை முன் பல்லால் பெருக்கிப் பின் பல்லால் வகுப்பது) நடு கியர் 66.4, மேலே 76.8, கீழே 57.5. அதே பற்களோடு ஏ.டபிள்யூ. இருந்தால் 88.6, 66.4, 49.8. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் அடிக்கும் காற்றில் பொள்ளாச்சியிலிருந்து மேற்கே மிதித்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். காற்று கொஞ்சம் கூடும்போது கியரும் கொஞ்சம்தான் இறங்க வேண்டும். ஒரேயடியாக நாலில் ஒரு பங்கு இறங்கினால் கால் வெறுமனே சுற்றும்.

சாயத்துக்குக் கீழே

பிரஷ் எனாமலுக்கு அடியில் தொழிற்சாலையின் சூளையில் சுட்ட எனாமல் இருந்தால் அது எளிதில் போகாது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வேலை. பஞ்சில் என்.சி. தின்னர் தொட்டு, செயின் ஸ்டேயின் (செயினை ஒட்டிப் பின்னால் போகும் குழாயின்) அடிப்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் துடைத்து, மேல்சாயம் குழைந்ததும் உடனே வேறு துணியால் எடுத்துவிட வேண்டும். அடிச்சாயம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இங்கே அடியில் பச்சை வந்தது.

ட்ரான்ஸ்ஃபர் எழுத்து (தொழிற்சாலையில் சாயத்தின் மேல் ஒட்டிய பெயரும் சின்னமும்) இருக்கக்கூடிய இடங்களில் தின்னரே கூடாது. எழுத்தைப் பிடித்து வைத்திருப்பது வார்னிஷ். தின்னர் அதையும் கரைத்துவிடும். டாப் டியூப், சீட் டியூப்பின் மேல்பாதி, டௌன் டியூப் ஆகிய மூன்று இடத்திலும் 1500 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, விரலால் அல்ல, தட்டையான ரப்பர் கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் நுனியின் அழுத்தம் ஓர் இடத்தில் குவிந்து எழுத்து பள்ளமாகப் போய்விடும். கறுப்பு மெலிந்து சாம்பல் நிறமாகும்போது 2000 நம்பருக்கு மாற வேண்டும். சீட் டியூப்பில் ரெனால்ட்ஸ் 531 சின்னத்தின் பாதியும், டாப் டியூப்பில் “லென்டன்” என்ற பெயரின் பெரும்பகுதியும் இப்படித்தான் வெளியே வந்தன.

பர்மிங்காம் ரெனால்ட்ஸ் நிறுவனம் 531 குழாயை 1935இல் கொண்டுவந்தது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகு. 531 சின்னம் ஒரே மாதிரி இருப்பதில்லை: முழு ஃபிரேமும் ஃபோர்க்கும் 531 என்பதற்கு ஒன்று, மூன்று முக்கியக் குழாய் மட்டும் என்பதற்கு வேறொன்று. சின்னத்தில் மிச்சமிருக்கும் சொற்களைப் படிக்காமல் “531 வண்டி” என்று விலை சொல்வது தவறு.

லென்டன், நாட்டிங்காமில் ராலே ஆலை இருந்த பகுதி. அந்தப் பெயரில் 1940களின் இறுதியிலிருந்து வந்த வரிசை, ரோட்ஸ்டருக்கும் பந்தய வண்டிக்கும் நடுவே நிற்பது. ராலேயில் ஓடிய ரெக் ஹாரிஸ் 1949, 1950, 1951, 1954 ஆண்டுகளில் தொழில்முறை ஸ்பிரிண்ட் உலகப் பட்டம் வென்றார். அவர் பெயர் தாங்கிய லென்டனும் விற்பனையானது. அந்தப் பெயர் எழுதிய ஸ்டிக்கர்கள் இன்று புதிதாக அச்சிட்டுக் கிடைக்கின்றன. சாயத்தின் கீழே தடயம் இல்லாத வண்டிக்கு அதை ஒட்டக் கூடாது. இந்த வண்டியில் ஹாரிஸ் பெயர் எங்கும் இல்லை; ஆகவே இது லென்டன் ஸ்போர்ட்ஸ், 1951ஐ ஒட்டியது. அப்படியே பதிவு செய்யப்பட்டது.

பெயர் தெரிந்ததும் பவுடர் கோட்டிங் யோசனை கைவிடப்பட்டது. கோவையில் பவுடர் கோட்டிங் எளிது, மலிவு. ஆனால் அதற்கு முன் அடிக்கும் கரட்டு மணல் 0.8 மி.மீ. குழாயையும் ஃபிரேம் எண்ணையும் அரித்துவிடும். கோட்டிங்கின் தடிப்பு லக் ஓரங்களை மழுக்கிவிடும். பச்சையில் முக்கால்வாசி நன்றாகவே இருந்தது. துரு ஏறிய புள்ளிகளை மட்டும் சுரண்டி, துரு மாற்றி பூசி, நிறம் கலந்த எனாமலால் நுனிப் பிரஷ்ஷில் தொட்டு வைத்து, மொத்தத்துக்கும் கார் மெழுகு போட்டால் போதும். எழுத்துகளின் மேல் மெழுகைத் தேய்க்காமல் ஒற்ற வேண்டும்.

ஃபிரேமின் உடல்நிலை

பால் கேன் சுமந்த வண்டியில் மூன்று இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். ஹெட் லக்குக்குக் கீழே டௌன் டியூப்பின் அடிப்பக்கம்: முன்னால் மோதியிருந்தால் அங்கே ஓர் அலை விரலுக்குத் தட்டும். இங்கே இல்லை. ஸ்டாண்டு கிளாம்ப் இறுக்கிய செயின் ஸ்டே: ஒரு மி.மீ. ஆழத்துக்குள் பள்ளம் இருந்தது, விளிம்பு மழுங்கலாக இருந்தது, விட்டுவிடலாம். கேரியருக்காகச் சீட் ஸ்டேயில் (சீட்டிலிருந்து பின் சக்கரத்துக்கு இறங்கும் குழாயில்) பித்தளை வைத்துப் பற்றவைத்த இரண்டு காதுகள்: கவலை இவற்றில்தான்.

காதை இழுத்துப் பிடுங்கக் கூடாது, கிரைண்டரும் கூடாது. ரம்பத்தால் குழாயிலிருந்து ஒரு மி.மீ. விட்டு அறுத்து, மிச்சத்தை அரை வட்ட அரத்தால் பித்தளை மஞ்சள் தெரியும் வரை மட்டும் ராவ வேண்டும். அந்த மஞ்சள் படலத்தை அப்படியே விட்டுவிடலாம். அதையும் எடுக்கப் போனால் எஃகு போகும். பிறகு விரிசல் சோதனை. பம்பு, வார்ப்படப் பட்டறைகளில் வைத்திருக்கும் டை பெனட்ரன்ட் ஸ்பிரே இதற்கு நன்றாக உதவும். இடத்தைச் சுத்தம் செய்து சிவப்புத் திரவத்தை அடித்து, கால் மணி நேரம் விட்டு, துணியால் துடைத்து (கழுவிவிட்டால் விரிசலுக்குள் இருப்பதும் போய்விடும்), வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு ஊறி வரும். இரண்டு ஸ்டேயிலும் கோடு வரவில்லை.

நேர் பார்க்க நூல் போதும். ஒரு பின் டிராப்-அவுட்டிலிருந்து (சக்கர அச்சு உட்காரும் வெட்டிலிருந்து) ஹெட் டியூப்பைச் சுற்றி மற்ற டிராப்-அவுட்டுக்கு நூலை விறைப்பாகக் கட்டி, சீட் டியூப்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளக்க வேண்டும். வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. இங்கே 3 மி.மீ. இருந்தது, இடது ஸ்டே உள்ளே தள்ளியிருந்தது. கையால் சிறிது சிறிதாக இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் நூல் பிடித்துப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். சூடு காட்டவே கூடாது. பின் டிராப்-அவுட்டின் அகலத்தை 114 மி.மீ.யில் நிறுத்த வேண்டும். புது வகைச் சக்கரத்துக்காக 126க்கு விரிப்பது இந்த ஃபிரேமுக்குச் செய்யும் கேடு.

பாட்டம் பிராக்கெட்

யாரோ இடது பக்கம் 24 மரைக் கப்பை வலுவாகச் செலுத்தி, இரண்டு சுற்றில் சிக்கிக்கொண்டதும் அப்படியே வெல்டிங் பொட்டு வைத்து ஓட்டியிருக்கிறார்கள். இந்த நிலையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் வரும் யோசனை ஒன்றுதான்: “ஏனுங்ண்ணா, 24லயே டேப் அடிச்சுரலாமுங்களா?” வேண்டாம். 26 மரையின் மேல் 24 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) ஓடினால் இரண்டு மரையும் ஒன்றையொன்று வெட்டிப் பாதி ஆழம்தான் மிஞ்சும். ஓரிரு மாதம் நிற்கும், பிறகு கப்பு மரையோடு வழித்துக்கொண்டு வரும்.

பொட்டை அரத்தால் ராவிக் கப்பைக் கழற்றியதும் முதல் மூன்று மரை நசுங்கியிருந்தது, உள்ளே நன்றாக இருந்தது. 26 டேப் ஊரில் கிடைப்பது அரிது. அதற்குப் பதில் தேய்ந்த ராலே இடது கப்பு ஒன்றை எடுத்து, மெல்லிய கட்டிங் வீலால் மரைக்குக் குறுக்கே மூன்று வெட்டு போட்டால் அதுவே மரை சுத்தம் செய்யும் கருவி. கப்பு கடினப்படுத்திய எஃகு, அது ஏறும் ஃபிரேம் குழாயான ஷெல் மென்மையானது. வெட்டிய விளிம்பின் பிசிரை எடுத்து, கட்டிங் ஆயில் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று செலுத்த வேண்டும். 

மாற்றுக் கப்புக்குக் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் கிடக்கும் ராலே ரோட்ஸ்டரே போதும், மரை ஒன்றுதான். ஸ்பிண்டிலை (பெடல் அச்சை) மட்டும் அங்கிருந்து எடுக்கக் கூடாது, ஷெல் அகலம் மாறினால் நீளம் மாறும். பந்து ஓடும் தடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கோடு இருந்தால் பரவாயில்லை, குழி இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். கப்பே கிடைக்காதபோது லேத்தில் செய்யலாம். 4 மரை லீட் ஸ்குரூ உள்ள லேத்தில் 26 மரை வெட்ட 65 பல் சக்கரம் தேவை: ஓட்டும் சக்கரங்கள் 20, 20, ஓடும் சக்கரங்கள் 65, 40. டூல் கோணம் 60 டிகிரி. பழைய பிரிட்டிஷ் மரை என்றதும் 55 டிகிரி விட்வொர்த் டூலை எடுப்பார்கள். சைக்கிள் மரைக்கு அது பொருந்தாது.

வலது கப்பு நன்றாக இருந்தால் கழற்றவே வேண்டாம், உள்ளேயே துடைத்துக்கொள்ளலாம். கழற்றியே ஆக வேண்டும் என்றால் கப்பின் தட்டைப் பக்கங்களை வைஸில் கெட்டியாகப் பிடித்து, ஃபிரேமை ஒரு பெரிய கைப்பிடியாக வைத்துத் திருப்ப வேண்டும். இடது மரை என்பதை வேலை செய்யும் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்லது. பந்து பக்கத்துக்கு 11, அளவு ¼ அங்குலம். ஹெட்செட்டுக்கு 5/32 அங்குலப் பந்து; தடத்தை நிரப்பி ஒரு பந்து இடம் காலியாக விட வேண்டும். பழைய பந்தில் நல்லதைப் பொறுக்கிப் போடக் கூடாது, மொத்தமாக மாற்ற வேண்டும்.

கிராங்கில் இன்னொரு குறை. வலது கிராங்க் நாரை உருவம் வெட்டிய 46 பல் சக்கரத்தோடு அசல், நீளம் 165 மி.மீ. இடது கிராங்க் ஊர்ச் சரக்கு, 170. ஐந்து மி.மீ. வித்தியாசத்தில் தூரம் ஓட்டினால் இடுப்பு வலிக்கும். 165இல் பழைய ஸ்டீல் கிராங்க் ஒன்று பொருத்தப்பட்டது. கிராங்கை ஸ்பிண்டிலில் பிடித்து வைக்கும் ஆப்பான காட்டர் பின் 9.5 மி.மீ. பின்னைக் கழற்றச் சுத்தியால் அடித்தால் ஸ்பிண்டிலும் பந்துத் தடமும் அடி வாங்கும். கிராங்குக்கு அடியில் குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்து, முந்தின நாள் டீசல் விட்டு ஊறவைத்து, ஜி-கிளாம்பால் அழுத்த வேண்டும். “டப்” என்று ஒரு சத்தத்தோடு விடும். புதுப் பின்னின் சாய்முகத்தை மார்க்கிங் மை தடவிப் பார்த்து ராவ வேண்டும். மை ஒரு முனையில் மட்டும் ஒட்டினால் பின் சில நாளில் தளரும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், ஒரே திசையில் போட்டால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது.

ஹப்பைத் திறத்தல்

ஹப்புக்குள் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள். தோப்பு ஊர்களில் இது வழக்கம். நாளடைவில் அது பசையாகி, பாவ்ல் என்று சொல்லும் கொக்கியை ஒட்டவைத்துவிடும். மிதித்தால் கியர் பிடிக்காமல் வழுக்கும். பல் தேய்ந்துவிட்டது என்று நினைத்து ஹப்பைத் தூக்கிப் போட்டவர்கள் பலர். எண்ணெய்த் துளை வழியே மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு வைத்து, சுற்றி வடித்த பிறகுதான் திறக்க வேண்டும்.

கியர் சங்கிலியை முதலில் எடுக்க வேண்டும். இடது பக்க லாக்நட், வாஷர், கோன் (பந்துகளைத் தாங்கும் கூம்பு நட்டு) ஆகியவற்றைக் கழற்றி, வரிசை மாறாமல் கம்பியில் கோத்து வைக்க வேண்டும். வலது பக்கம் ஓட்டுக்குள் மரையிட்டிருக்கும் பந்து ரிங்கைக் கழற்றுவதற்கு முன் ரிங்கிலும் ஓட்டிலும் நேர்க்கு நேர் ஒரு பொட்டு வைத்தாக வேண்டும். அந்த மரை இரட்டைத் தொடக்கம் உள்ளது. திரும்பப் போடும்போது மற்றத் தொடக்கத்தில் ஏறினால் சக்கரத்துக்குக் கோட்டம் வந்துவிடும்; காரணம் தெரியாமல் ஸ்போக் கம்பியை முறுக்கிக்கொண்டிருப்பார்கள். ரிங்கின் வெட்டில் பஞ்ச் வைத்து இடஞ்சுழியாகத் தட்டினால் கழன்று, உள்பாகம் மொத்தமாக வலது பக்கம் வரும்.

ஏ.எம். ஹப்பின் பிளானட் பினியன் (உள்ளே சுற்றும் சிறு பல்சக்கரம்) ஒவ்வொன்றும் இரண்டு அளவுப் பல் கொண்டது. ஏ.டபிள்யூ. பழகிய கை இங்கேதான் தடுமாறும். பினியன்களில் ஒவ்வொரு பல்லில் குறி இருக்கும். எல்லாக் குறியும் அச்சிலிருந்து வெளிப்புறம் பார்க்கும்படி வைத்த பிறகே கியர் ரிங்கை இறக்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனாலும் ஹப் இறுகிச் சுற்றும். அப்படியே ஓட்டினால் பல் உடையும். கொக்கி ஸ்பிரிங்குகள் முடி போல மெல்லியவை. துரு பட்டிருந்தால் மாற்ற வேண்டும். வலது கோனை விரலால் இறுக்கி, அரைச் சுற்று பின்னே விட்டு லாக் செய்ய வேண்டும். இதற்கு மேல் தளர்த்தக் கூடாது. மற்ற ஆட்டம் எல்லாம் இடது கோனில்தான். ரிம்மைப் பிடித்து ஆட்டினால் உணர்ந்தும் உணராத அளவுக்கு ஓர் ஆட்டம் இருக்க வேண்டும்.

எண்ணெய் எஸ்.ஏ.இ. 20 அல்லது 30, ஒரு டீஸ்பூன். தையல் மெஷின் எண்ணெய் இதற்கு மெல்லிசு. ட்ரிகரை நடு கியரில் வைத்து, வலது நட்டின் ஜன்னல் வழியே பார்த்தால் இன்டிகேட்டர் கம்பியின் தோள் அச்சின் நுனியோடு மட்டமாக நிற்க வேண்டும். ஒயரை அதற்கேற்ப இறுக்கிக்கொள்ளலாம்.

சக்கரம், டயர், பிரேக்

பின் ரிம் 40 துளை, முன் 32. இந்த எண்ணிக்கை ஊர் ரோட்ஸ்டரிலும் அதேதான் என்பதால் சான்றாக உதவாது, ஆனால் கம்பி கட்டத் தெரிந்த கைக்குப் பஞ்சம் இல்லை. கடையில் தரும் 13 கேஜ் கம்பி 2.3 மி.மீ.; அதற்காக ஹப்பின் துளையைப் பெரிதாக்க ஒப்புக்கொள்ளக் கூடாது. 14 கேஜ், 2 மி.மீ. கேட்டு வாங்க வேண்டும்.

டயரில்தான் பணம் வீணாகும். 26 அங்குலம் என்பது ஓர் அளவு இல்லை. லென்டனின் 26×1¼ ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 597 மி.மீ. நம் கடைகளில் கிடைக்கும் 26×1⅜ டயருக்கு 590. ஏழு மி.மீ. வித்தியாசம். நெம்பி ஏற்றினால் டயரின் உள்கம்பி அறுந்து, காற்று அடிக்கும்போது கழன்று வெடிக்கும். டயர் உட்காரும் இடத்தில் மெல்லிய ஸ்டீல் டேப்பைச் சுற்றிச் சுற்றளவு பார்க்க வேண்டும்: 597க்கு சுமார் 1875 மி.மீ., 590க்கு 1853. பின் ரிம் 597. அதற்கு அமெரிக்க ஷ்வின் வண்டிகளுக்கான எஸ்-6 என்று குறித்த 26×1⅜ டயர் பொருந்தும். கெண்டா அதை இன்றும் செய்கிறது. டியூப் ஊர்ச் சரக்கே போதும்.

முன் ரிம் 590, பிற்காலத்தில் மாற்றியது. அதற்குக் காலிப்பரே சாட்சி: அதில் பிரேக்கின் ரப்பர் கட்டை நின்ற பழைய தடம், இந்த ரிம்முக்கு 3.5 மி.மீ. மேலே இருந்தது. 32 துளையில் 597 ரிம் கிடைக்கும் வரை இதுவே ஓடும். கட்டையை அந்த அளவு கீழே இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டை டயரின் பக்கத்தை அறுக்கும். ஸ்டீல் ரிம் மழையில் பிரேக் பிடிக்காது. ஈரச் சாலையில் முன்கூட்டியே கட்டையை லேசாக உரசவிட்டுத் தண்ணீரை வழித்துக்கொள்ள வேண்டும்.

குரோம் பாகங்களுக்கு ஆக்ஸாலிக் அமிலம். திருப்பூரில் துணியின் துருக்கறை எடுக்க வாங்குவது இதேதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம், சில மணி நேரம் ஊறல், பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசல். போர் தண்ணீரில் கரைத்தால் அதிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் படலம் பிடிக்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, மற்றவர்கள் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். கையுறை கட்டாயம், இது விஷம். அலுமினியத்தையும் துத்தநாக முலாம் பூசியதையும் இதில் போடக் கூடாது. ரிம்முக்கு மறு முலாம் வேண்டாம் என்று முடிவானது. முலாமுக்கு முன் செய்யும் பஃபிங் ஓரத்தைத் தேய்த்து மெல்லிசாக்கிவிடும்.

தோல் சீட்டுக்கும் எண்ணெய் ஊற்றும் ஆசையை அடக்க வேண்டும். எண்ணெயில் ஊறிய தோல் தொட்டில் மாதிரி தொங்கிவிடும், பிறகு திரும்பாது. மாட்டுக் கொழுப்பு சேர்ந்த சீட் மெழுகை அடிப்பக்கம் மெல்லிசாகப் பூசி, வாரக்கணக்கில் விட்டுவிட்டுப் பூச வேண்டும். மூக்கு போல்ட்டைத் தோல் இளகிய பிறகு கால் சுற்று மட்டும்.

முதல் ஓட்டம் கோட்டூர், ஆனைமலை மாதிரி மட்டமான சாலையில். காற்றழுத்தம் பின்னால் 55, முன்னால் 50 பி.எஸ்.ஐ. ஐம்பது கிலோமீட்டருக்குள் காட்டர் பின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், சாய்முகம் உட்காரும்போது கட்டாயம் தளரும். கியர் ஒயரும் நீளும். ஜன்னல் வழியே தோள் மட்டத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கம்பிகளைத் தட்டிச் சத்தம் மாறியதை மட்டும் அரைச் சுற்று முறுக்கலாம். கழற்றிய கேரியர், 24 மரைக் கப்பு, 170 கிராங்க் மூன்றும் சீட்டு எழுதிக் கட்டி, வண்டியோடு உரிமையாளரிடமே கொடுக்கப்பட்டன.